வாசலில் நின்ற ரத்தம்

குற்றாலலிங்கம் பிள்ளையின் ரத்தம் இடது மூளைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. முறையாக யாரும் அழைக்கவில்லையாம்.

ஊசி இல்லை, கத்தி இல்லை. நெற்றியில் ஒரு பட்டியை ஒட்டினால் போதும். சிவப்பு வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போய், ரத்தம் எங்கே ஓடுகிறது, எங்கே முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று திரையில் காட்டிவிடும்.

"அடைப்பை எடுத்தாச்சும்மா, பாதை பளிச்சுனு இருக்கு," என்றார் டாக்டர் ரெமிஜியுஸ். "ரத்தம் உள்ள வந்தாத்தான் இவருக்குப் பேச்சு வரும். சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா அவ்வளவுதான்."

கட்டிய செண்பகவடிவுக்குத் தெரியாதா இவர் வீம்பு? மைத்துனன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் சகலை பெயருக்குக் கீழே வந்துவிட்டதென்று மண்டப வாசலிலிருந்தே திரும்பிய மனுஷன். அவர் உடம்பில் ஓடும் ரத்தம் வேறு எப்படி இருக்கும்?

துபாயிலிருந்த மகன் அவசரத்தில் வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பிவிட்டான். செல்போனை நெற்றிக்கு நேரே காட்டினார்கள். ரத்தம் பார்த்தது. திரையில் இன்னும் ஓரடி பின்னால் போனது.

"கெடுத்தானே பாவி! போன்ல கூப்பிட்டா வருமா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நர்ஸ் தாம்பூலத் தட்டை எடுத்து வந்தாள். எல்லா வார்டிலும் அது ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். செண்பகவடிவு முந்தானையைச் செருகிக்கொண்டு தட்டை நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க வந்துதான் எல்லாத்தையும் நடத்திக் கொடுக்கணும்."

ரத்தம் அசையவில்லை.

"குடும்பத்தோட வரணும். முந்தின நாளே வந்திரணும்."

ரத்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் இவர் முறுக்கை இறக்கியே ஆயுசு போயிற்று, இப்போது ரத்தத்தின் முறுக்கையும் நான்தான் இறக்கணுமா என்று அழுகை முட்டியது. வீட்டில் கடைசியாகச் சொல்வதையே இங்கேயும் சொன்னாள்.

"தப்பு எங்க மேலதான். பெரிய மனசு பண்ணி வாங்க."

அதற்குத்தான் காத்திருந்ததோ என்னவோ, ரத்தம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

திரையில் இடப்பக்கம் முழுக்கச் சிவந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. செண்பகவடிவு பதறிப்போய்க் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஏட்டி, அதைக் கூப்பிட்ட. என்னைக் கூப்பிட்டியா?" என்றார் தெளிவாக. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று தட்டை டக்கென்று வைத்தாள். கோபத்தில் தலை சுற்றியது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "டாக்டர், எனக்குக் கிறுகிறுன்னு வருது."

டாக்டர் பிள்ளையின் நெற்றியிலிருந்து பட்டியை உரித்து அவள் நெற்றியில் ஒட்டினார். திரையில் வாசலில் யாருமில்லை. கூடத்திலும் இல்லை. ரத்தம் மொத்தமும் அடுக்களையில் இருந்தது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

"பொம்பளைங்களுக்கு இது நார்மல்தாம்மா," என்ற டாக்டர், திரைப்பக்கம் குனிந்து, "எனக்குச் சீனி வேண்டாம்," என்றார்.