மேல் மூடி முதலில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் வீட்டு வாசலில் நின்ற ஜீப்பின் அடியில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, அதன்மேல் செங்கொடி மல்லாந்து படுத்தாள். எவர் வீட்டுக் காதணி விழாவுக்கோ அச்சடித்த பேனர் அது. வருக வருக என்று கும்பிட்ட இரண்டு கைகள் அவளுடைய தோளுக்கடியில் மடங்கிக் கிடந்தன. வடசென்னை விம்கோ நகருக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த அந்தச் சந்தில் பாதிப் பேர் அதற்குள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

அவர்களைக் குறை கூறவும் இயலாது. ஒரு பெண் ஜீப் ஓட்டுவது அவர்களுக்குப் பழகிப்போன காட்சி; நான்கு ஆண்டுகளாக அவள்தான் குப்பத்துப் பைபர் படகுகளைக் கயிற்றில் கட்டி அலையிலிருந்து மணல்மேட்டுக்கு இழுத்துவிடுகிறாள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியாதலால் மணலில் புதையாது. ஆனால் அதன் கியர் பெட்டியைத் தெருவிலேயே திறப்பது அவர்கள் காணாதது.

ஒரு வாரமாக, நான்கு சக்கர ஓட்டத்துக்கான குட்டை லிவரைப் போட்டால் வண்டி உறுமியது. தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் தண்டபாணி, வண்டியைத் தொடாமலே, காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பெட்டி பூட்ச்சு. உள்ள பல்லெல்லாம் கொட்டிகினு கீது. மூணு வாரம் ஷெட்ல நிக்கணும்."

அவருக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் வேலையின்றி நின்றது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். படகுக்காரர்களுக்குப் பெரியவரான சுப்பராயன் முந்தின நாள் மாலையே கூறிவிட்டார்: "ஞாயித்துக்கெயம மத்தியானம் போட்டுங்கல்லாம் கரைக்கு வந்துடும். நீ வரலன்னா டிராக்டர் இஸ்க்கட்டும். அப்பால அதுவே இருக்கட்டும்."

ஆகவே, செங்கொடிக்கு இருந்தது நண்பகல் வரைதான்.

"இன்னா செங்கொடி, ஆஸ்பத்திரிக்கு வராம வூட்லயே ஆபரேஷனா?" என்று கேட்டபடி தண்டபாணியே வந்துவிட்டார். கையில் டீ கிளாஸ்.

"டாக்டரு நாடி புடிக்காமயே சீட்டு எழுதிட்டாரே அண்ணாத்தே, அதான்."

கூட்டம் சிரித்தது. தண்டபாணி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்து, "மேல இன்னா தடவிகினு கீற? மொதல்ல கீய இருக்குற மூடியக் கயட்டு. எண்ண வடியட்டும்" என்றார்.

"மேல் மூடிதான் மொதல்ல. கீய தொறந்து எண்ணெல்லாம் வடிஞ்சப்பறம், ஊத்துற மூடி தொறக்கலன்னு வையி. சொட்டு எண்ண இல்லாத வண்டிய உன் ஷெட்டுக்குத்தான் தள்ளிகினு வரணும். அதானே உனுக்கு வேணும்?"

தண்டபாணி டீயை உறிஞ்சினார்.

மேல் மூடியோ உப்புக்காற்றில் துருவேறி, பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக் கிடந்தது. செங்கொடி ஸ்பேனரில் தொங்கினாள்; காலால் உதைத்தாள்; உள்ளங்கை சிவந்ததே தவிர மூடி அசையவில்லை.

"நான் சொன்னேன்ல?" என்றார் தண்டபாணி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா, மார்க்கெட்டுக்கு மீன் எடுத்துப் போகிறவர், அப்போது அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பம்பின் கைப்பிடி எப்போதோ உடைந்து, அதற்குப் பதிலாக மூன்றடி இரும்புக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். குப்பம்மா அதை உருவிக்கொண்டு வந்து ஜீப்பின் அடியில் நீட்டினார்.

"தே, இத்த மாட்டிப் பாருடி."

"அக்கா, எங்க கொடமெல்லாம் காத்துகினு கீது!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"காத்துகினு இருக்கட்டும். கொடத்துக்கு இன்னா, கால் மொளச்சி ஓடிடுமா?"

ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி, இரு கைகளாலும் பற்றி, செங்கொடி மூச்சை அடக்கி இழுத்தாள். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. அவள் விடவில்லை. டக்கென்று ஓர் ஓசை. மூடி கால்வாசி திரும்பியிருந்தது.

அவள் வெளியே தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கூறினாள்.

"அண்ணாத்தே, இப்போ கீய் மூடி தொறக்கப் போறேன். எட்டு வருசம் பேக்டரில கியர் செக் பண்ணவ நான். காண்டிராக்ட் முடிஞ்சிதுன்னு அனுப்பிட்டாங்க, கண்ண புடுங்கிகினு அனுப்பல. எண்ணையில ஒரே ஒரு பல்லு வந்துச்சின்னா நானே வண்டிய உன் ஷெட்ல வுட்டுட்டு, படகு வேலையும் உன் டிராக்டருக்கே குட்த்துடறேன். வரலன்னா, இனிமே என் வண்டியப் பத்தி குப்பத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது."

தண்டபாணி தலையசைத்தார். வேறென்ன செய்ய முடியும்? தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

கீழ் மூடி எளிதாகவே வந்தது. வெட்டிய கேனைச் செங்கொடி அதன் அடியில் பிடித்தாள். முதலில் விழுந்தது எண்ணெயே இல்லை, தண்ணீர். அதன் பின்னால் பால் அதிகமான டீயைப் போல ஒன்று கொழகொழவென்று இறங்கியது. கெட்ட முட்டையின் நாற்றம்.

"ஐயே, கலீஜ்!" என்ற குப்பம்மா, முதலில் விழுந்த தண்ணீரை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "உப்பு. கடல் தண்ணிடி இது!"

செங்கொடிக்கு விளங்கிவிட்டது. போன அமாவாசைக்கு அலை முரடாக இருந்தது. 'இன்னும் ரெண்டடி, இன்னும் ரெண்டடி' என்று படகுக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, பாதிச் சக்கரம் மூழ்கும்வரை அவள் வண்டியைப் பின்பக்கமாக இறக்கினாள். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சை உள்ளே இழுக்கும். அவள் பெட்டி கடலையே இழுத்திருந்தது.

"தப்பு என்னுதுதான்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். "ஆனா பல்லு எங்க அண்ணாத்தே?"

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கேனுக்குள் விட்டு மூன்று முறை துழாவினாள். காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசைதான் ஒட்டியது. அதை விரல்களுக்கிடையே தேய்த்துத் தண்டபாணியிடம் நீட்டினாள். அவரும் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் துண்டு எதுவும் தட்டுப்படவில்லை. தொழில் தெரிந்தவர்தான், விரலைத் துடைத்துக்கொண்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முணுமுணுத்துப் போய்விட்டார்.

அதன் பிறகு வேலை கடகடவென்று நடந்தது. வாங்கி வைத்திருந்த புது எண்ணெயில் முதல் கேன் கழுவுவதற்கு. அதை ஊற்றி, சந்தில் முன்னும் பின்னும் ஓட்டி, மீண்டும் வடித்தாள். இரண்டாவது நிரப்புவதற்கு. கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாயை மேல் துளையில் விட்டு, மறுமுனையில் புனலோடு குப்பம்மாவை நிற்க வைத்தாள். பெட்டி நிறைந்து, துளை வழியே எண்ணெய் மெல்ல வழிந்ததும் மூடியை இறுக்கினாள். கழிவெண்ணெயில் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தவர்கள் அந்தச் சந்துக்காரர்கள்.

அவள் கடற்கரையை அடைந்தபோது டிராக்டர் ஏற்கெனவே மணலில் நின்றது. முதல் படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. சுப்பராயன் இடுப்பளவு நீரில் நின்று கையை ஆட்டினார்.

"வந்துட்டியா? பின்னால வா, இன்னும் வா!"

அலையின் நுரை வந்து திரும்பும் கோட்டுக்கு ஒரு முழம் மேலேயே செங்கொடி பிரேக்கை மிதித்தாள்.

"இதுக்கு மேல வண்டி எறங்காது நைனா. நீளக் கயிறா கட்டு."

"இத்தினி நாளு எறங்குச்சே?"

"அதான் கடலக் குடிச்சிட்டு ஒரு வாரமா ஒறுமிச்சி."

"டிராக்டர் எறங்கும்" என்றார் சுப்பராயன்.

"எறங்கட்டும். அதுக்கும் அடியில பெட்டி கீது. அண்ணாத்தையே கேளு."

சுப்பராயன் மேலே பார்த்தார். டிராக்டர் இருக்கையில் அமர்ந்திருந்த தண்டபாணி தன் முன்சக்கரத்தைப் பார்த்தார், பிறகு அலையைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பவில்லை. வாயையும் திறக்கவில்லை.

பிறகு சுப்பராயன் முனகிக்கொண்டே படகிலிருந்து இரண்டாவது கயிற்றை எடுத்து முதல் கயிற்றோடு முடிச்சிட்டு, முனையை அவளிடம் கொண்டு வந்தார்.

செங்கொடி குட்டை லிவரைத் தள்ளினாள். உறுமல் அடியோடு போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கு அடங்கியிருந்தது. நான்கு சக்கரங்களும் மணலைக் கவ்வின. கயிறு நீண்டு விறைத்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, அவள் பிரேக்கை மிதித்த இடத்தை நோக்கி வந்தது.