விசாரிக்க ஒன்றுமில்லை

பல் டாக்டரின் கிளினிக்குக்கு இரண்டு வழி. முன்பக்கம் செங்குத்தாகப் பதினான்கு படி. பின்பக்கம் சக்கர நாற்காலியும் வரக்கூடிய சந்து. சந்துக் கதவுக்குக் கொழுந்தன் பூட்டுப் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. முட்டிவலிக்காரர்கள் எல்லாம் பல்வலியைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். நோயாளி நாற்காலி நாள் முழுக்கச் சும்மா மல்லாந்து கிடந்தது.

வக்கீலம்மாவுக்கோ வழக்கைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. சந்து அண்ணன், தம்பி இரு வீட்டுக்கும் பொது என்கிறது பாகப்பிரிவினைப் பத்திரம். பத்திரத்தைக் கொழுந்தனே தன் பதிலில் ஒப்புக்கொண்டுவிட்டான். ஆகவே சுருக்கத் தீர்ப்பு கேட்கலாம் என்றார். விசாரிக்க ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டால் போதும். சாட்சி, குறுக்கு விசாரணை என்று இழுக்காமல் காகிதத்தைப் பார்த்தே நீதிபதி முடித்துவிடுவார். மனு இரண்டே பக்கம்.

ஆனால் கொழுந்தனின் பதிலில் பத்தாவது பத்தி என்று ஒன்று இருந்தது. அண்ணி பிறவிச் சண்டைக்காரி, தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தான்.

“அத விடுங்க டாக்டர். சந்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“மூணு தடவ போனேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன்.”

“உங்களுக்குக் கதவு தொறக்கணுமா, ஆரஞ்ச நிரூபிக்கணுமா?”

இரண்டும் வேண்டும் என்றார் டாக்டர். தான் சண்டைக்காரி இல்லை என்று காட்ட அவர் போட்ட சண்டையில் வக்கீலம்மா பத்தே நாளில் சரணடைந்தார். இரண்டு பக்கம் நூற்றுப் பதினாறாக வளர்ந்தது. டாக்டர் வந்து போனதற்கு வார்டு நர்ஸும், அவர் சாந்த சொரூபி என்பதற்கு நாத்தனாரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். நாத்தனாரைச் சம்மதிக்க வைக்க மட்டும் கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது.

கொழுந்தன் சும்மா இருப்பானா? ஆமாம், அண்ணி வந்தார்தான், இப்போது ஞாபகம் வருகிறது என்று பணிவாக எழுதிக் கொடுத்தான். மூன்றாம் தடவை வந்தபோதுதான் சந்துக் கதவைப் பூட்டிக்கொள்ளச் சம்மதித்தாராம்.

நீதிபதி காகிதக் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

“விசாரிக்க ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு நூத்திப் பதினாறு பக்கமா?” என்றார் வக்கீலம்மாவிடம். “அங்க போனாங்கன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. போய் என்ன பேசினாங்கன்னு சாட்சியக் கேட்டாத்தான தெரியும்.”

மனு தள்ளுபடி. முழு விசாரணை பதினொரு மாதம் கழித்து.

வராந்தாவில் வக்கீலம்மா நூற்றுப் பதினாறு பக்கத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டார்.

“விசாரணையில மொதல் சாட்சி யாரு?”

“நீங்கதான்.”

“எல்லாத்தையும் சொல்லலாமா?”

“சொல்லலாம். யாரும் தடுக்கமாட்டாங்க.”

இத்தனை மாதத்தில் முதல்முறையாக டாக்டரின் முகம் தெளிந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தபடியே வண்டியில் ஏறினார். கல்யாணத்தன்று கொழுந்தன் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பட்டது.

அப்போது கிளினிக்கிலிருந்து உதவியாள் போன் செய்தாள். மூன்று மணிக்கு வர வேண்டியவர் படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். கதவு எப்போது திறக்கும் என்று கேட்டாராம்.

“எந்தக் கதவு?” என்றார் டாக்டர்.