சாக்பீஸ் பாதங்கள்

அந்தச் சலவைக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள்: வாத்து தன் வெறுங்காலின் சுண்டுவிரலைத் தரையில் வைத்தால் போதும், மூன்று முழம் கீழே எரிவது பஞ்சா மரமா என்று சொல்லிவிடுவாள். பஞ்சு என்றால் அது எந்த வருஷத்துப் பஞ்சு என்றும் சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முதன்முதலில் சிரித்தவர் அவளுடைய சொந்த அக்கா புருஷன், அந்தக் கூடத்தின் கொதிகலன்காரர்.

வாத்து என்பது பெற்றவர்கள் இட்ட பெயரல்ல, தட்டைப் பாதம் இட்ட பெயர். ஈரக்காலோடு நடந்தால் மற்றவர்களுக்குத் தரையில் பாதம் பதியும். அவளுக்கு இரண்டு செங்கல் பதியும். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளின் போர்வைகளெல்லாம் மலைமலையாக வந்து இறங்கும் இடத்தில் எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. மாலையானால் கணுக்கால் உள்பக்கம் சாயும், முழங்கால் கெஞ்சும். வாசலுக்குப் போவதற்குள் நான்கு முறை சுவரைப் பிடிப்பாள். வயது நாற்பத்திரண்டு, கால்களுக்கு மட்டும் நூற்றிரண்டு.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா ஒருத்தி, அழுக்கு மூட்டையோடு சேர்த்து ஒரு யோசனையும் கொண்டுவந்தாள். "செருப்பக் கழட்டுங்க. விரலுக்கு வேலை குடுங்க. உங்க பாதம் ஊனமில்லம்மா, தூங்குது. எழுப்பிவிடுங்க."

அன்றோடு செருப்பு அலமாரி ஏறியது. வாசல்படி விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பின்பக்கத்துச் சரளைக் கல்லில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். கீழே விழும் துணியைக் கால்விரலால் கவ்வித்தான் கூடையில் போடுவது என்று பிடிவாதம். முதல் மாதம் ஒரு கைக்குட்டைகூட மசியவில்லை. ஆறாம் மாதம் ஈரத்துண்டு வந்தது. பத்தாம் மாதம் அவள் காலாலேயே தலையணை உறையை நாலாக மடித்ததைத் தன் இரண்டு கண்ணால் பார்த்ததாக இஸ்திரிக்காரி இன்றுவரை சாதிக்கிறாள்.

பலன் தெரிய வேண்டாமா? காலையில் வந்ததும் வலது பாதத்தை நனைப்பாள். கிழக்குச் சுவரோரம் இருந்த காய்ந்த சிமெண்டுத் தரையில் அழுத்துவாள். ஈரம் உலர்வதற்குள் சாக்பீஸால் சுற்றி வரைந்து பக்கத்தில் தேதி போடுவாள். நாளுக்கு ஒன்று. வாசலருகே செங்கலாகத் தொடங்கிய வரிசை, கூடத்துக்குள் போகப் போக இடுப்பு வளைந்து, பதினோராம் மாதம் பிறைபோல் உள்வாங்கியது. அந்த வளைவுக்கு அடியில் பூனை குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தலாம்.

"மனுஷன் பாடுபட்டுச் செருப்பக் கண்டுபிடிச்சான். இவ திரும்பக் குரங்காப் போறா," என்பார் கொதிகலன்காரர். அவர் காலில் எப்போதும் தடித்த பூட்ஸ். அதை அவர் கழற்றிப் பார்த்தவர்கள் இல்லை. "கல்யாணத்தன்னைக்குக் கழட்டினாரு, வெளக்கு அணைச்சப்புறம்," என்பாள் அக்கா.

ஒரு திங்கட்கிழமை வாத்து பாதத்தை அழுத்தி எடுத்தாள். சாக்பீஸை எடுக்கக் குனிந்தாள். தடம் இல்லை.

மறுபடி நனைத்து வைத்தாள். குதிகால்தான் முதலில் மறைந்தது, யாரோ கீழேயிருந்து உறிஞ்சியதுபோல. விரல்கள் மட்டும் ஐந்து ஈரப்புள்ளிகளாகக் கொஞ்ச நேரம் நின்றன. அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் தடம் சாதாரணமாகவே உலர்ந்தது. ஒரு முழம் தள்ளி வைத்த தடம்தான் பொசுக்கென்று போனது. புதன்கிழமை இன்னும் ஒரு முழம் தள்ளி. தரைக்கு அடியில் எதுவோ ஒன்று, அவசரமில்லாமல், நாளுக்கு ஒரு முழம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

மற்றவர்கள் கை வைத்துப் பார்த்தார்கள். இஸ்திரிப் பெட்டியிலும் வெந்நீரிலும் மரத்துப்போன கைகள். அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலிலோ முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். பதினோரு மாதமாகச் சரளையிலும் சிமெண்டிலும் பாடம் படித்த பாதம் அங்கே ஒன்றே ஒன்றுதான். அதற்கு மட்டும் அந்தச் சூடு, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல் தெரிந்தது.

ஏழாம் நாள் ஏழு குறிகள். வாத்து சுவரோடு முதுகை ஒட்டி நின்று பார்த்தாள். கோணாமல் மாணாமல் ஒரே கோடு. கோடு போய் முடியும் மூலையில் கொதிகலனுக்கான டீசல் தொட்டி உட்கார்ந்திருந்தது, அறுநூறு லிட்டர் வயிற்றோடு. நடுவில் நான்கு முழம்.

கூடத்தில் அவளோடு இருபத்திரண்டு பெண்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"புகை வருதாம்மா?"

"இல்லிங்க."

"கருகுன வாசனை?"

"சோப்பு வாசனைதான் வருது."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"காலுல தெரியுதுங்க."

மறுமுனையில் யாரோ இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லிச் சிரித்தார்கள். வெளியூர் போயிருந்த முதலாளியம்மாவோ, "கொதிகலன்காரர் என்ன சொல்றாரு? அவரு சொன்னா நிறுத்துங்க," என்று வைத்துவிட்டாள். தொட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

"கீழ வெந்நீர்க் குழாய் போகுது, அதான் சூடு," என்றார் அவர்.

"குழாய் நடக்குமா மாமா?"

"ஆஸ்பத்திரிக்காரன் போர்வைக்குக் காத்திருக்கான். ஒன் காலு பேசுதுன்னு நான் கொதிகலன அணைக்கணுமா? காதுல பூ சுத்தாத, போ."

எட்டாம் நாள் பட்டப்பகலில் கரப்பான்கள் சாக்கடையிலிருந்து கிளம்பிச் சுவரேறின. கீழிறங்க ஒன்றுக்கும் மனமில்லை. ஒன்பதாம் நாள் மூலையில் அடுக்கியிருந்த சோப்புக் கட்டிகள் வியர்த்தன. பத்தாம் நாள் காலை, தொட்டிக்கு ஒரு முழம் முன்னால் வாத்து காலை வைத்தாள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துக்கொண்டாள். இப்போது இஸ்திரிக்காரியின் மரத்த கைக்குக்கூடத் தெரிந்தது. ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நம்பாத ஆள் ஒருவர்தான் மிச்சம்.

"மாமா, காலைக் கும்பிட்டுக் கேக்கறேன். பூட்ஸக் கழட்டிட்டு ஒரே ஒரு தரம் வச்சுப் பாருங்க."

கழட்டுவது என்றதும் அவர் முகம் கறுத்தது. "கழட்ட மாட்டேன். ஆனா இங்கேயே நிக்கிறேன். பத்து நிமிஷம். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீ நாளையிலேர்ந்து செருப்புப் போட்டுட்டு வாயையும் மூடிக்கணும். சரியா?"

பத்தாவது குறியின்மேல் இரண்டு பூட்ஸையும் ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு, எல்லைச்சாமிபோல் நின்றார். கொதிகலனின் உறுமல் மட்டும் கேட்டது. மூன்றாம் நிமிஷம் அவர் மீசையோரம் வியர்த்தது. ஐந்தாம் நிமிஷம் உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றப் பார்த்தார். முடியவில்லை. காலைத் தூக்கினார்.

பூட்ஸ் வந்தது. அதன் அடிப்பாகம் வரவில்லை. பசை இளகி, பிளந்து, தடித்த ரப்பர் தரையோடு தங்கிவிட்டது. அடுத்த காலும் அப்படியே. வியர்வையில் ஊறிய இரண்டு வெறும் உள்ளங்கால்கள் தரையில் பட்டன. அவர் போட்ட கூச்சலில் கரப்பான்கள்கூட உதிர்ந்திருக்கும். துள்ளித் துள்ளி வாசல் பக்கம் ஓடினார்.

அவர் ஓடிய வழியில் ஈரத்தடங்கள். பெண்கள் குனிந்து பார்த்தார்கள். வளைவு என்று மருந்துக்கும் கிடையாது. சுத்தமான செங்கல்கள், வாத்து முதல் நாள் வரைந்ததைவிடத் தட்டை.

அவரும் அவற்றைப் பார்த்தார். இத்தனை வருஷம் பூட்ஸுக்குள் பூட்டி வைத்தது தரையில் பரப்பிக் கிடந்தது. இஸ்திரிக்காரி வாயைத் திறக்கப் போனாள். வாத்து அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"மாமா, சாவி," என்றாள். அவ்வளவுதான்.

அவர் சாவியை எறியவில்லை. வெறுங்காலோடு தானே திரும்பி வந்தார். கொதிகலனை அணைத்தார், தொட்டியின் குழாயைத் திறந்தார். பெண்கள் வரிசை கட்டி நின்று டீசலைக் கேன் கேனாகத் தெருவுக்குக் கடத்தினார்கள். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் அவர் கால் மாற்றி மாற்றி ஆடினார். தரையைப் பார்த்து, எங்கே கால் வைக்க வேண்டும் என்று வாத்துதான் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கேன் வாசல் தாண்டியதும் மூலைத் தரை பெருமூச்சுவிட்டதுபோல் ஓர் ஓசை எழுந்தது. காலித்தொட்டி மெல்லச் சாய்ந்து உள்ளே இறங்கியது. கீழே, பக்கத்துக் கட்டடத்து மெத்தைக்கடை என்றைக்கோ பஞ்சை அடைத்து மூடி மறந்த நிலவறை, அடிவரை சிவந்து கனன்றது. சுவாலை இல்லை, சத்தம் இல்லை. காற்றுப் பட்டதும்தான் அது எழுந்தது.

இந்த முறை தீயணைப்பு வண்டி சிரிக்காமல் வந்தது. நெருப்பு அடங்கியபின் அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு தெருவோரம் வந்தார்.

"புகைகூட வெளிய வரலியே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"காலாலதான்!" என்றார்கள் இருபத்திரண்டு பேரும். ஒருத்தி தட்டைப் பாதத்திலிருந்து தொடங்கினாள், ஒருத்தி தலையணை உறையை மடித்துக் காட்டினாள்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, விவரம் தெரிந்தவராகத் தெரிந்த ஒரே ஆளிடம் திரும்பினார். கொதிகலன்காரர் நடைபாதையில் உட்கார்ந்து, கொப்புளம் போட்ட கால்களை ஒரு வாளித் தண்ணீரில் விட்டிருந்தார்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இவங்க சொல்றதெல்லாம் நடக்கிற காரியமா?"

அவர் வாளிக்குள் தெரிந்த தன் பாதங்களைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார். நான் நம்பல. நின்னு பாத்தேன். அவ கால் சொன்னபடியேதான் நடந்துச்சு."