மானியம் ஒழிக

விச்சிட்டாவிலிருந்து ராய்ஸ் டாம்ப்ளினின் பண்ணைக்குக் காரோட்டி வரும்போதே நோர்மா கெஸ்லர் பதற்றத்தில் இரண்டு முறை வழி தவறினாள். வந்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. சோபாவில் உட்காருவாள், எழுவாள், சன்னலுக்குப் போவாள். வெளியே டாம்ப்ளினின் மாடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

பயம் இருக்காதா? பல்கலைக்கழகத்தில் அவள் வேலை பார்க்கும் பொருளாதார ஆய்வு மையமே டாம்ப்ளின் கொடுக்கும் நன்கொடையில்தான் நடக்கிறது. அரசாங்கம் யார் தொழிலிலும் மூக்கை நுழைக்கக் கூடாது, யாருக்கும் சலுகை காட்டக் கூடாது என்பது அவர் மேடைதோறும் முழங்கும் கொள்கை. நோர்மா அதை மனப்பூர்வமாக நம்பினாள். நம்பித் தொலைத்ததால்தான், சோளத்திலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம் எடுக்கும் ஆலைகளுக்கு அரசாங்கம் தரும் மானியத்தை ஒழிக்க வேண்டும் என்று கட்டுரை எழுதிவிட்டாள். கான்சாஸிலேயே அந்த மானியத்தை அதிகமாக விழுங்குபவர் டாம்ப்ளின்.

"பைத்தியமா உனக்கு? படியளக்கிறவர் வாயிலயே மண்ணப் போடுறியே!" என்று மையத்தின் இயக்குநர் டெல்பர்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

வேலை போனால் போகட்டும். ஆனால் மனிதர் வெறும் வாய்ச்சவடால்தானா என்பது இன்று தெரிந்துவிடும். அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

எதிர் நாற்காலியில் இருந்த டாம்ப்ளின் அவள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூள் கிளப்பிட்ட போ! இத வாஷிங்டன்ல ஒவ்வொரு செனட்டர் மேசையிலயும் வைக்கணும். செலவு என்னோடது."

நோர்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"உங்க ஆலைக்கே அடி விழுமே, ராய்ஸ்?"

"ஏது என் ஆலை? எல்லாத்தையும் அயோவாக்காரங்க தலையில கட்டிட்டேன். வெளிய இன்னும் சொல்லல. இப்ப பெட்ரோல் சுத்திகரிப்புல இறங்கியிருக்கேன். இந்தச் சாராயம் ஒழிஞ்சாத்தான் என் பெட்ரோல் நல்லா ஓடும்."

"அப்ப கொள்கை?"

"அது எங்க போச்சு? கொள்கையும் லாபமும் ஒரே பக்கம் நின்னா சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்குவியா?"

"விக்காம இருந்திருந்தா?"

டாம்ப்ளின் மழுப்பவில்லை. கொஞ்சம் யோசித்தே சொன்னார்.

"அப்பவும் ரசிச்சுத்தான் படிச்சிருப்பேன். அச்சுக்குப் போயிருக்காது, அவ்வளவுதான். வா, கறி ஆறிடப்போகுது."

அவர் கட்டுரையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட வேண்டும் என்று நோர்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன சொல்லிக் கிழிப்பது? அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே.