கால் எட்டும் வண்டி

பெங்களூர் சம்பளத்தில் சிவசங்கரி வாங்கிய நெடுந்தூர பைக்கில், அவளுக்கே கால் தரையில் எட்டவில்லை.

"இன்னிக்குள்ள உன்னால ஓட்ட முடியலன்னா என் பேருக்கு மாத்திடு. நீ ஸ்கூட்டி வாங்கிக்கோ," என்றான் அண்ணன் ஹரிபிரசாத்.

"நான் இனிமே வளர மாட்டேன்ணா. வண்டி எறங்கட்டும்."

திருப்பதி மெக்கானிக் முனிகிருஷ்ணன் சஸ்பென்ஷனை முன்னும் பின்னும் ஒரே அளவாக இறக்கினார். சிவசங்கரி உட்கார்ந்தாள், இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. திருச்சானூர்த் தாயாரை நினைத்தபடி சைடு ஸ்டாண்டைப் போட்டு இறங்கினாள். வண்டி மறுபக்கம் சாய்ந்து விழுந்தது, கண்ணாடி நொறுங்கியது.

அண்ணன் கைதட்டிச் சிரித்தான். "நிறுத்தவே தெரில, இவ எங்க ஓட்டிக்கினு போறது!"

முனிகிருஷ்ணன் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சிரிக்காத சார். பொண்ணு மேல தப்பில்ல. வண்டிய எறக்கின நான் ஸ்டாண்டு நீளத்தக் குறைக்க மறந்துட்டேன். அதான் அது வண்டிய மறுபக்கம் தள்ளிடுச்சு."

ஸ்டாண்டை அறுத்துக் குட்டையாக்கிப் பற்றவைத்தார். தன் பைக்கின் கண்ணாடியையே கழற்றி மாட்டினார்.

அண்ணன் தன் பேரில் பூஜை போட வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களைச் சிவசங்கரி எடுத்துச் சக்கரங்களுக்கடியில் வைத்தாள்.

"பிச்சாட்டூர் வீட்டுக்கு வரணும்னா பின்னால ஏறுண்ணா. இல்லன்னா பஸ் இருக்குது."

சற்று நின்று பார்த்துவிட்டு அவன் ஏறினான். பழங்கள் நசுங்க வண்டி கிளம்பியது.