சுற்றுவழி

கூடாரத்தின் கயிற்றை இழுத்துப் பிடித்து அர்ச்சுனன் முளையை அடித்துக்கொண்டிருந்தபோது ஓடையிலிருந்து பேத்தி மலர் அலறினாள்.

"அப்பா! அப்பா!"

கையிலிருந்த கல்லோடு எழுந்தார். எழுந்தவர் ஓடைப் பக்கம் திரும்பவில்லை. பின்னால், பெரிய மரத்தடியைப் பார்த்தார். பெலுமுட் மலையடிவாரத்துக்கு வரும்போதெல்லாம் அந்த மரத்தடியில்தான் யுகேந்திரன் அடுப்பு மூட்டுவான். அரைக்கால் சட்டையோடு குந்தியிருந்து, மெகி மீ நூடுல்ஸில் சாடின் மீன் டின்னைக் கொட்டிக் கிளறிக்கொண்டே, "இதோ வரேன்டா செல்லம்" என்று குரல் கொடுப்பான். மரத்தடியில் யாருமில்லை. ஈரச் சருகுகள் கிடந்தன. மகன் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது, தெரியாத ஒருவர் வந்து சொல்வதைப் போல அவருக்குள் மெதுவாக வந்து சேர்ந்தது.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் லெஸ்லி சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கிக் குழந்தையைத் தூக்கிவிட்டிருந்தான். அவள் கெண்டைக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுண்டி எறிந்தான். மலர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "ஒண்ணும் இல்லடா, போயிருச்சு, போயிருச்சு லா" என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்த லெஸ்லிக்கு அப்போதுதான் அவள் கூப்பிட்ட சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். தட்டிய கை நின்றது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி அர்ச்சுனனைப் பார்த்தான். கரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தேன்மொழியும் அவரைத்தான் பார்த்தாள். நேற்றுவரை மலருக்கு அவன் 'லெஸ்லி அங்கிள்'.

அர்ச்சுனன் குனிந்து மறுபடி முளையை அடித்தார். அது ஏற்கெனவே முழுசாக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

தேன்மொழி அவருடைய மருமகள், மலரின் அம்மா. யுகேந்திரன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில், விடியாத மழையில், மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தபோது மலருக்கு நாலு வயது. அர்ச்சுனனின் மனைவி அதற்கும் முன்பே போய்விட்டாள். கூலாயில் அந்த வீட்டில் மிஞ்சியது மூன்று பேர். தேன்மொழி கிளினிக் வேலைக்குப் போனாள், அவர் பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். சாயங்காலம் மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்டுக்கொள்ளாத அந்த ஒழுங்கு அவருக்குப் போதுமாயிருந்தது. ஒரு நாள் மலரோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அடுப்படியில் தேன்மொழி போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சிரிப்பை அப்படியே விழுங்கினாள். அவள் சிரித்ததைவிட, தன்னைக் கண்டு நிறுத்தியதுதான் அவரை வாட்டியது. ஒரு வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, சோறு போட வந்தவளிடம் சொன்னார். "அந்தப் பையன ஒரு நாளு வீட்டுக்கு வரச் சொல்லும்மா." அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

லெஸ்லி வந்தான். லாபிஸ்காரன், ஏர்கோன் வேலை, வேதக்காரக் குடும்பம். கல்யாணம் ஆகாதவன். வீட்டுக்குள் நுழைந்ததும் யுகேந்திரன் படத்துக்கு முன்னால் கை கட்டி நின்றான். அவனை வெறுக்க அர்ச்சுனன் ஏதாவது ஒரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. அப்புறம் அவனுக்கு மீரியில் நல்ல வேலை கிடைத்தது. கடல் தாண்டிப் போக வேண்டும். அடுத்த வாரம் லாபிஸில் சின்னதாக ரெஜிஸ்டர் கல்யாணம், அப்படியே விமானம். போகுமுன் மலரை ஒருதடவை காட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னது அர்ச்சுனன்தான். யுகேந்திரன் வருடந்தவறாமல் செய்த பயணம். கூலாயிலிருந்து கிளம்பி, கோத்தா திங்கி அருவியில் குளித்து, ஜெமாலுவாங் வழியாகக் காஹாங் வந்து, பெலுமுட்டில் ஒரு ராத்திரி. "நீங்களும் வாங்க தம்பி" என்று லெஸ்லியையும் அழைத்தார்.

பாத்திரம் கழுவும் சாக்கில் அவர் ஓடையின் மேல்பக்கம் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தார். கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினார். தேன்மொழி பின்னாலேயே வந்து நின்றாள்.

"நான் சொல்லிக் குடுக்கல மாமா. சத்தியமா."

"தெரியும்மா."

"அவரும் சொல்லல."

"பயந்தா யாரு வந்து தூக்குவாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். அது சரியான ஆளத்தான் கூப்பிட்டுச்சு." சட்டியைத் தண்ணீரில் முக்கினார்.

அவள் பாறையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மலைக்கு மேலே முகில் இறங்கி உச்சியை மூடியிருந்தது. "நீங்களும் எங்ககூட வந்துடுங்க மாமா. அவரே சொன்னாரு. ரூம் இருக்கு."

அர்ச்சுனன் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் யுகேந்திரனுக்கும் மூஞ்சி ஒண்ணு. வர்றவங்க போறவங்க எல்லாரும் சொல்வாங்கள்ல? நான் அங்க வந்து உக்காந்திருந்தா, நீ தினம் காலையில எழுந்திரிச்சு அவன் கெழவனாகுறதப் பாக்கணும். வேணாம்மா."

தேன்மொழி, முந்தானை இல்லாததால், டீ-சட்டையின் கழுத்தை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை சத்தமாக வராமல் தோளில் மட்டும் தெரிந்தது. யுகேந்திரனின் காரியத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. தலையைத் தொடலாமா என்று அவர் கை ஒருமுறை எழுந்தது. பிறகு சட்டியை எடுத்துக்கொண்டது.

சாயங்காலம் மழை தூறியது. மலர் கூடாரத்துக்குள் தூங்கிப்போனாள். அட்டை கடித்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. லெஸ்லி இரண்டு கோப்பை மைலோ கொண்டுவந்து, ஒன்றை அவரிடம் கொடுத்து, தார்ப்பாய்க்கு அடியில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அங்கிள், நான் அவகிட்ட 'அங்கிள்'னே கூப்பிடச் சொல்லிடுறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"சொல்லாதீங்க."

"இல்ல, உங்களுக்கு..."

"தம்பி, பிள்ள தானா வந்து சொன்ன வார்த்த. அதப் போயி தப்புன்னு திருத்துனா, அப்புறம் அது யாரையுமே கூப்பிடாது."

லெஸ்லி கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "அவ பேருக்குப் பின்னால யுகேந்திரன் பேருதான் இருக்கும் அங்கிள். நான் அதத் தொட மாட்டேன்."

அர்ச்சுனன் தலையசைத்தார். நல்லவனாக இருக்கிறானே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் பேத்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஈரக் கூடாரத்தை மடித்தார்கள். அர்ச்சுனனின் ஹைலக்ஸ் வண்டியிலிருந்து மலரின் பையும், ரப்பர் செருப்பும், தலையணையும் லெஸ்லியின் மைவி காருக்கு மாறின. அவள் கிளம்பும்போது அழுவாள், சமாளிக்க வேண்டும் என்று அவர் முந்தின நாளிலிருந்தே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். மலர் அழவில்லை. லெஸ்லியின் காடியில் புதிதாகப் பூனைப் படம் போட்ட குழந்தை சீட் மாட்டியிருந்தது. அதைக் கண்டதும் ஓடிப்போய் ஏறினாள். பிறகு நினைவு வந்தவளாய் ஜன்னலைத் தட்டி, "தாத்தா, ஏரோப்ளேனுக்கு டாட்டா காட்ட வருவீங்கதானே?" என்றாள்.

"வருவேன்டா. நீ எந்த ஜன்னல்னு எனக்குத் தெரியாதே?"

"நான் கை ஆட்டுவேன்ல!"

தேன்மொழி குனிந்து அவர் காலைத் தொட்டாள். சேறாக இருந்த கால். "சாப்புடுங்க மாமா. மருந்து மறக்காதீங்க." அவ்வளவுதான் இருவராலும் முடிந்தது.

பெரிய சாலைக்கு வந்ததும் மைவி, லாபிஸுக்குப் போக, குளுவாங் பக்கம் திரும்பியது. கூலாய்க்கும் அதுதான் நேர்வழி. அவர்கள் பின்னாலேயே போய், குளுவாங்கில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, மத்தியானத்துக்கு முன்னால் வீட்டைத் திறந்துவிடலாம். வீட்டைத் திறப்பதை நினைத்தார். சாவி போடும் சத்தம், அதன்பிறகு வேறு எந்தச் சத்தமும் இல்லாதது. அர்ச்சுனன் எதிர்ப்பக்கம், மெர்சிங் சாலையில் வண்டியைத் திருப்பினார். சுற்றுவழி. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.

காஹாங் தாண்டி, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. விபத்தோ? எட்டிப் பார்த்தார். யானைகள். சாலையை நிதானமாகக் கடந்துகொண்டிருந்தன. சேறு காய்ந்த முதுகுகள், மெல்ல அசையும் காதுகள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சின்களை அணைத்துவிட்டிருந்தார்கள். கடைசியாக வந்த பெரிய யானை சாலை நடுவில் நின்று, தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது.

"மலரு, பாரு பாரு..." என்று பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, அதில் நெற்றியை வைத்துக்கொண்டார். மகன் செத்த அன்று வராத சத்தம் ஒன்று அவரிடமிருந்து வந்தது.

பின்னால் நின்ற லாரியிலிருந்து இறங்கி வந்த மலாய்க்கார டிரைவர், யானையைப் படம் பிடித்துக்கொண்டே ஜன்னலோரம் வந்தான். உள்ளே பார்த்துப் போனைத் தாழ்த்தினான்.

"தனியாவா அங்கிள்?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டான்.

அர்ச்சுனன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். யானை போய்விட்டிருந்தது. அது நுழைந்த இடத்தில் உயரமான புற்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து, காட்டுக்குள் வெகுதூரம் வரை அசைந்துகொண்டே போயின.