பலகையில் இருபது

எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. ஒரு பாலம் முப்பது டன் தாங்குமென்றால் அதன் முகப்புப் பலகையில் இருபது என்றுதான் போடுவோம். லாரிக்காரர்கள் எப்படியும் கூடுதலாக ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்தது. பாலத்தைச் சோதிக்கிறவர் உண்மையான எடையைச் சீட்டில் எழுதித் தருவார். பலகை எழுதுகிறவன் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு எழுத வேண்டும். சோதிக்கிறவர் என் அக்காவின் கணவர். பலகை எழுதுகிறவன் நான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கனமான வண்டி முதன்முறையாக ஒரு பாலத்தைக் கடக்கும்போது, எடைக்குக் கையெழுத்துப் போட்டவர் அடியில் நிற்க வேண்டும். மாமா பதினேழு பாலங்களுக்கு அடியில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தலை நிறையத் தூசியோடு வீட்டுக்கு வந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

முந்தின வருஷ வெள்ளத்தில் எங்கள் ஆற்றின் மூன்றாவது பாலத்தின் நடுத்தூண் அரித்துப்போனது. மாமா அளந்து பார்த்துவிட்டு, இனி இருபதுதான் தாங்கும் என்று சீட்டு கொடுத்தார். நான் பதின்மூன்று என்று எழுதியிருக்க வேண்டும். ஏணியில் ஏறிப் பார்த்தால் பலகையில் ஏற்கெனவே இருபது. சீட்டிலும் இருபது. மண்டையைப் பிளக்கும் வெயில். மாற்ற ஒன்றுமில்லை என்று அதே எண்ணைப் புதுப் பெயிண்டில் பளிச்சென்று தீட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து மாமா அதைப் பார்த்தார். திட்டவில்லை. பலகையையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடும் மாப்ள. மழை முடியட்டும், சத்தமில்லாம மாத்திடலாம். உங்க அக்காகிட்ட மூச்சு விடாத."

அந்தப் பாலத்தில் வைக்கோல் வண்டியும் பால் லாரியும்தான் போகும்; பத்து டன்னைத் தாண்டாது. மழை முடிந்தது. நாங்கள் மாற்றவில்லை.

எங்களுக்கு வடக்கே ஒரு பெரிய நாடு, தெற்கே ஒரு பெரிய நாடு. இரண்டுக்கும் ஆகாது. நாங்கள் யார் பக்கமும் சாயாமல் இருந்தோம். தெற்கத்தியவர்கள் பீரங்கிகளையெல்லாம் கிழக்கே, வடக்கு நாட்டோடு நேராக ஒட்டிய எல்லையில் நிறுத்தியிருந்தார்கள். எங்களைப் பார்த்த எல்லையில் ஒரு சுங்கச்சாவடியும் ஒரு கிழட்டு நாயும்தான் காவல். ஒரு நாள் வடக்கிலிருந்து கடிதம் வந்தது. தெற்கே போக நாலே நாள் வழி விடுங்கள், ஒரு செடிகூட மிதிபடாது என்று. எங்கள் அரசாங்கம் பதில் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர்களின் அதிகாரி ஒருவர் இரண்டு சிப்பாய்களோடு எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார். எங்கள் மொழி நன்றாகப் பேசினார். மேஜைமேல் ஒரு நோட்டைத் திறந்து வைத்தார். உள்ளே எங்கள் பாலங்களின் புகைப்படங்கள். இரண்டு வருஷமாகச் சுற்றுலாப் பயணிகள் குடும்பத்தோடு பாலத்துப் பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"இந்த ஆத்துல மத்த ரெண்டு பாலத்துலயும் பதினாறு. அப்போ இருபத்து நாலு தாங்கும். எங்களுக்குப் பத்தாது" என்றார் அதிகாரி. "மூணாவதுல இருபது. பெயிண்டும் புதுசு, அதனால எடையும் புதுசாப் பார்த்துப் போட்டதுதான். எங்க டாங்கி ஒவ்வொண்ணும் இருபத்தெட்டு டன். உங்க வழக்கப்படி முப்பது தாங்கணும். சரிதானே?"

மாமா தன் முன்னால் திறந்திருந்த ஃபைலைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் மாமாவின் செருப்பு என் காலை அழுத்தியது.

"சரிதான்" என்றார்.

"கையெழுத்து போட்டவரு அடியில நிப்பாருன்னும் கேள்விப்பட்டேன்."

மாமா ஃபைலை மூடி அலமாரியில் அதற்குரிய இடத்தில் வைத்தார். ஒரு தூசியைக் கையால் தட்டினார்.

"எப்பவும் நிக்கிறதுதான். வர்றேன்."

"பலகை எழுதினது?"

"நான்" என்றேன்.

"நீயும் வா."

எங்கள் ஜீப்பின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில், அளவுகோலை வைத்தேன். பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கிற கோல் அது. நான் வைப்பதை மாமா பார்த்தார். வழியெல்லாம் மாமா தன் கையிலிருந்த மைக்கறையை ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

பாலத்துக்கு வடகரையில் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. கடைசி வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. அதிகாரி எங்களோடு கீழே இறங்கினார். நடுத்தூண்வரை ஆற்றில் மணல்தான். தூணின் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று சிமெண்டால் ஒட்டியிருந்தது. விரிசல் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

நான் குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினேன்.

"பழைய தூண் எல்லாத்துலயும் ஒட்டுவோம்" என்றார் மாமா. "முழுசா இருக்கு பாருங்க. இருக்கிறவரைக்கும் கவலை இல்ல."

அதிகாரி கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தார். தலையாட்டினார். அப்போது மாமா என் பக்கம் திரும்பினார்.

"கோல் எங்கடா?"

நான் விழித்தேன்.

"மறந்துட்டியா? உங்க குடும்பமே இப்படித்தானா? அக்கா குழம்புல உப்பை மறப்பா, தம்பி கோலை மறப்பான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க ரெண்டு பேரையும் மேய்க்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. என்னைப் பார்த்துட்டு நிக்காத. ஆபீசுக்குப் போய் எடுத்துட்டு வா!"

பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கத்தியதே இல்லை. அதிகாரி சிரித்துவிட்டார்.

"என் மச்சினனும் இப்படித்தான். போகட்டும். ஆனா நாங்க காத்திருக்க மாட்டோம்."

கோல் ஜீப்பில் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். எழுத்து என்னுடையது, நானும் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணலில் நடக்க ஆரம்பித்தேன். ஓடவில்லை. ஓடினால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கால்கள் எவ்வளவு ஆசையாக நடந்தன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிப்பாய்கள் காவல் நின்ற ஜீப்பைத் தாண்டிப் போய், சாலை வளைகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். முதல் வண்டி பாலத்தில் ஏறியது. இரும்புப் பட்டைகளின் சத்தம் என் பல்லில் கேட்டது. அது நடுத்தூணைத் தாண்டியது. மறுகரையில் இறங்கியது. மேலே ஏறி வந்து பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்த அதிகாரி குனிந்து கத்தினார்.

"கண்ணாடி எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மாமாவின் குரல், சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிடுகிற அதே குரல், ஆற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்படியே இருக்கு. அடுத்ததை விடுங்க."

இரண்டாவது வண்டி போனது. மறுபடியும் கேள்வி. மறுபடியும் அதே பதில், இந்தத் தடவை இருமலோடு. தூசி கொட்டியிருக்கும். அப்புறம் மூன்றாவதும் நான்காவதும் ஒன்றன் பின் ஒன்றாக ஏறின. மூன்றாவது நடுத்தூணுக்கு மேலே வந்தபோது, நாற்காலியில் ஒருவர் களைத்து உட்காருவது போலப் பாலம் உட்கார்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர்கள் புதுப்பாலம் கட்டப் பார்த்தார்கள். அதற்குள் தெற்கத்தியவர்கள் பீரங்கிகளை எங்கள் பக்கம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். நாலு நாள் வழி கேட்டவர்கள் ஒன்பதாம் நாள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். அன்று அவர்கள் கடந்திருந்தால் ஒரு வாரத்தில் தெற்கு விழுந்திருக்கும், பிறகு இந்த நாடும் இருந்திருக்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

அந்த ஒன்பது நாளில் அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உன்னை எதுக்குடா அனுப்புனாரு?"

"கோல் எடுக்க" என்றேன்.

பத்தாம் நாள் காலையில், ஆற்றங்கரையில் கிடந்த ஜீப்பை அலுவலகத்தார் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். மாமாவின் தோள்பையைத் தேடி அக்கா தார்ப்பாயை விலக்கினாள். கோல் அங்கேயே கிடந்தது. அவள் அதை எடுத்து நிமிர்த்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு நான் வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பலகையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.